கங்கைகொண்டானிலிருந்து பொதிகை

ஐப்பசி மழை ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில், எங்கள் ஊர் கங்கைகொண்டானின் மேற்குப் புறத்தில் நின்று பார்த்தால், வானத்தின் அடியோரத்தில் நீலக் கோடு ஒன்று தெரியும். கோடைகாலத்துப் புழுதியில் அது கண்ணுக்குப் படாது. மழை கழுவிவிட்ட வானத்தில்தான் அதற்கு உயிர் வரும். தென்மேற்கே அந்தக் கோடு ஓரிடத்தில் கூம்பாக எழும்பியிருக்கும். அதைச் சுட்டிக்காட்டித்தான் என் ஆச்சி எனக்குச் சோறு ஊட்டுவாள்.

"அந்தா, கூம்பா ஒண்ணு தெரியுதுல்லா, அதான் பொதிகை. அகத்தியரு இன்னும் அங்கனதான் இருக்காரு."

"எதுக்கு ஆச்சி அங்க வந்தாரு?"

"கைலாசத்துல சாமிக்குக் கலியாணம். தேவாதி தேவரெல்லாம் அங்க போய்க் கூடிட்டாங்க. வடக்கு தாந்துட்டு, தெக்கு ஒசந்துட்டு. சாமி இவரைக் கூப்பிட்டுத் தெக்க போகச் சொன்னாரு. பூமி சரியாப் போச்சு."

"அவரு குள்ளம்லா ஆச்சி? ஒத்த ஆளு அம்புட்டுப் பேருக்கும் எப்படி ஈடா நிப்பாரு?"

"பேசாம சோத்தைத் தின்னுலே."

ஆச்சி காட்டியது பொதிகையின் முடிதானா, அல்லது அதற்கு முன்னால் நிற்கிற வேறொரு மலையா என்பதை இன்றைக்கும் நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் அவள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி என்னை விடவில்லை. வளர்ந்து, புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் வந்தபிறகு, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது என்பது தெரிந்தது.

முதலில் எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். ஊரின் பெயர் கங்கைகொண்டான். கி.பி. 1022, 23-ஆம் ஆண்டுகளில் வடக்கே படை அனுப்பிக் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்த முதலாம் இராசேந்திர சோழனுடைய விருதுப் பெயர் அது. ஊரிலுள்ள சிவன் கோயிலில் இருப்பவர் கைலாசநாதர். ஆறோ சிற்றாறு, குற்றால மலையில் பிறந்து வருவது. ஆக, பெயர் கங்கையிலிருந்து வந்திருக்கிறது. சாமி கைலாசத்திலிருந்து வந்திருக்கிறார். குடிக்கிற தண்ணீர் மட்டும் உள்ளூர் மலையிலிருந்து வருகிறது. இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள விசேஷமன்று. தாமிரபரணிக் கரையில் பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம் வரை ஒன்பது கைலாசங்கள் உண்டு. மதுரையை இழந்த பிற்காலப் பாண்டியர் மலையடிவாரத்தில் வந்து தங்கிய ஊருக்குத் தென்காசி என்று பெயர். அங்கே விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446-இல் கட்டத் தொடங்கினான். இராம தூதன் கடலைத் தாண்டுவதற்கு ஏறி நின்ற மகேந்திரமலை எங்கள் பக்கத்து மகேந்திரகிரிதான் என்று நாங்கள் சொல்வோம். ஒரிசாக்காரர்கள் தங்கள் நாட்டு மலைதான் மகேந்திரம் என்பார்கள். இன்றைக்கு எங்கள் மகேந்திரகிரியின் அடியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள்; தாண்டுகிற தொழில் அங்கே இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மலைகளின் பெயர் இப்படி ஊர் விட்டு ஊர் போவதற்குக் காரணம் உண்டு. நம் புராணங்களில் மலை என்பது வெறும் கல்லும் மண்ணும் அன்று. உலகத்தின் நடுவில் மேரு நிற்கிறது. ஒரு காலத்தில் மலைகளுக்குச் சிறகு இருந்தது, இந்திரன் வெட்டினான் என்கிறார்கள். மலைக்குப் பெண் பிறக்கிறாள். அவளைச் சிவன் மணக்கிறார். பாரத வருஷத்தைத் தாங்குகிற குலமலைகள் ஏழு என்று கணக்கும் இருக்கிறது: மகேந்திரம், மலயம், சஹ்யம், சுக்திமான், ருக்ஷம், விந்தியம், பாரியாத்திரம். இந்த ஏழில் இரண்டாவதாக நிற்கும் மலயந்தான் நம்முடைய பொதிகையையும் அதைச் சார்ந்த தொடரையும் குறிப்பது. அந்தப் பெயர் நம் 'மலை' என்ற சொல்லிலிருந்து போனது என்பது மொழி நூலார் பலருடைய கருத்து. தெற்கே யாரோ ஒருவனிடம் "இது என்ன?" என்று கேட்க, அவன் "மலை" என்று சொல்லியிருக்கிறான். கேட்டவன் அதையே பெயராக எழுதிக்கொண்டு போய்விட்டான். வடக்கேயிருந்து பெயர்கள் வந்தது போலவே, இங்கிருந்தும் ஒரு பெயர் அங்கே போய்க் குலமலைகளின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

வால்மீகி ராமாயணத்தில் சுக்கிரீவன் தென்திசைக்குப் போகும் வானரர்களுக்கு வழி சொல்லும்போது, மலயத்தின் உச்சியில் அகத்தியரைக் காண்பீர்கள், பிறகு தாமிரபரணியைக் கடப்பீர்கள் என்கிறான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்கப் பூகோள ஆசிரியர், 'பெட்டிகோ' என்ற மலையிலிருந்து ஆறுகள் இறங்குவதாக எழுதினார். அது பொதிகையே என்றும், அவர் 'சோலென்' என்று குறிக்கும் ஆறு தாமிரபரணி என்றும் அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு எட்டுகிற அளவுக்கு அந்த மலை பெயர் பெற்றிருந்தது. காரணம் கஷ்டமானதல்ல: மலையில் சந்தனமும் மிளகும், அதிலிருந்து இறங்கும் ஆறு கடலில் சேருமிடத்தில் கொற்கையின் முத்து.

இனி அகத்தியரிடம் வருகிறேன்.

இருபது வயதில் எனக்கு அந்தக் கதைமேல் கோபம் இருந்தது. தெற்கு உயர்ந்ததாம்; அதை மட்டப்படுத்த வடக்கேயிருந்து ஒரு முனிவர் வரவேண்டியிருந்ததாம்; வந்தவர் நமக்குத் தமிழையும் கற்றுக் கொடுத்தாராம். அதற்குமுன் நாம் ஊமைகளாகவா இருந்தோம்? என்னைப் போலக் கோபப்பட்டவர்கள் அநேகர். மறுபக்கத்தில், கதையின் ஒவ்வோர் எழுத்தும் நடந்தது என்று வாதிப்பவர்களும் இருந்தார்கள். விந்தியம் மேருவோடு போட்டியிட்டு வளர்ந்ததையும், அகத்தியர் அதைத் தலை குனிய வைத்ததையும், ஆரியர் விந்தியத்தைக் கடந்து தெற்கே வந்ததன் நினைவு என்று பொருள் கொள்ளும் சரித்திர ஆசிரியர்கள் மூன்றாவது கட்சி. மூன்று கட்சிக்காரர்களும் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தார்கள்: தராசுக் கதை அகத்தியரோடு வந்தது என்பது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புறநானூற்றை ஒழுங்காகப் படித்த பிறகுதான் அந்த நினைப்பு ஆட்டங்கண்டது.

புறநானூற்றின் இரண்டாவது பாட்டு முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியன் சேரலாதனைப் பாடியது. அசையாமல் நிலைத்திருப்பாயாக என்று மன்னனை வாழ்த்தும் புலவர், அசையாமைக்கு உவமையாக இரண்டு மலைகளை எடுக்கிறார். ஒன்று இமயம், மற்றது பொதியம். இரண்டையும் ஒரே மூச்சில், சரிசமமாகச் சொல்கிறார். ஒன்று பெரியது, மற்றது சிறியது என்ற பேச்சே இல்லை.

அதைவிட வியப்பானது 132-ஆம் பாட்டு. பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பாடப்பட்டவன் பொதியில் மலைக்குத் தலைவனான ஆய் அண்டிரன் என்ற வள்ளல். இவனை முதலில் நினையாமல் போனேனே என்று தன் நெஞ்சையும் நாவையும் காதையும் சபித்துக்கொண்டு தொடங்குகிற புலவர், வடக்கே வானளாவிய இமயம் இருக்கிறது. தெற்கே ஆயினுடைய குடி மட்டும் இல்லாமற்போனால் இந்த உலகம் தலைகீழாகிவிடும் என்று முடிக்கிறார்.

ஆச்சி சொன்ன கதையின் தராசு இங்கே அப்படியே இருக்கிறது. வடக்கே பாரம், தெற்கே எதிர்ப்பாரம், இல்லாவிட்டால் உலகம் சாய்ந்துவிடும் என்ற அச்சம், எல்லாம் இருக்கின்றன. அகத்தியர் மட்டும் இல்லை. அவர் உட்கார வேண்டிய தட்டில், கேட்டவர்க்கு இல்லையென்னாத ஒரு குறுநில மன்னன் உட்கார்ந்திருக்கிறான். அந்த மலையை ஆடிப்பாடி வருகிற விறலி எளிதாக அணுகலாம், படையோடு வரும் வேந்தர் அணுக முடியாது என்று 128-ஆம் பாட்டில் இதே புலவர் பாடியிருக்கிறார்.

எட்டுத்தொகையில் அகத்தியரைப் பெயர் சொல்லிப் பாடிய பாட்டு இல்லை. காலத்தால் பிந்திய பரிபாடலில், 'பொதியில் முனிவன்' என்ற குறிப்பு வருகிறது. அங்கேயும் அது ஒரு விண்மீனின் பெயராகவே வருகிறது. தை, மாசி மாதங்களில் முன்னிரவில் எங்கள் ஊரில் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேலே அந்த நட்சத்திரம் பளிச்சென்று நிற்பதைக் காணலாம். மேல்நாட்டார் அதைக் கானோபஸ் என்பார்கள். தில்லியில் அது அடிவானத்தை ஒட்டி, ஒன்பது பாகைக்குள்தான் எழும்பும். தெற்கே வர வர உயரும். நம் பக்கத்தில் இருபத்தெட்டுப் பாகைக்குமேல் ஏறி நிற்கும். விந்தியத்தைக் கடந்து தெற்கே வந்த ஒரு வழிப்போக்கனுக்கு, நாளுக்கு நாள் தலை தூக்கி வருகிற அந்த நட்சத்திரம், முன்னால் போய் வழிகாட்டுகிற முனிவராகத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

பாண்டியருடைய வேள்விக்குடிச் செப்பேடு எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குள் அகத்தியர் பாண்டிய குலத்தின் புரோகிதராகிவிடுகிறார். ஏறக்குறைய அதே காலத்தில் இறையனார் களவியல் உரை அவரைத் தலைச்சங்கத்துப் புலவராக உட்கார வைக்கிறது. ஆயின் குடி மங்கி, பாண்டியர் கை ஓங்கிய காலம் அது. மலையும் பாண்டியருடையதாயிற்று, மலையின் பெருமையும் அவர்களுடைய குலகுருவின் பெருமையாயிற்று. ஒரு வள்ளல் இறங்கிப்போன தட்டில் ஒரு முனிவரை ஏற்றினார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஆசனத்தில் வேறொருவரும் அமர்ந்ததுண்டு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மலயமலைக்குக் கிழக்கே 'பொதலகம்' என்ற மலையில் அவலோகிதேசுவர போதிசத்துவர் உறைகிறார் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பொதலகம் நம் பொதிகையே என்று ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசாகா விரிவாக வாதித்திருக்கிறார். பதினொன்றாம் நூற்றாண்டில் எழுந்த பௌத்த இலக்கண நூலான வீரசோழியம், அகத்தியரே அவலோகிதரிடம் தமிழ் கேட்டவர் என்று சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திபெத்தின் லாசா நகரத்தில் தலாய் லாமாக்கள் வாழ்ந்த அரண்மனைக்குப் பொதாலா என்று பெயர் வைத்தது இந்தப் பொதலகத்தின் நினைவாகத்தான். ஹிகோசாகா சொல்வது சரியானால், கைலாசத்திலிருந்து ஒரு பெயர் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்தது போல, எங்கள் மலையின் பெயர் கைலாசம் இருக்கிற திபெத்துக்கே போய் ஒரு மாளிகையின்மேல் ஏறியிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயருக்கு உரிய இராசேந்திரனுக்கும் இந்த மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவனுடைய திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, அவன் பாண்டிய நாட்டின்மேல் படையெடுத்ததை வருணிக்கிறது. பாண்டியன் பயந்து, முன்னோர் வாழ்ந்த அரண்மனையைத் துறந்து, அகத்தியருடைய இருப்பிடமான மலயமலையில் போய்ப் புகுந்துகொண்டான். சோழன் பாண்டியரின் புகழுக்கு வித்தான முத்துக்களைக் கவர்ந்துகொண்டு, தன் மகனுக்குச் சோழபாண்டியன் என்று பட்டம் கட்டி அந்த நாட்டை ஆள வைத்தான் என்கிறது. கங்கைப் படையெடுப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முந்திய சம்பவம் இது.

கதை எழுதிப் பிழைக்கிறவன் இதைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. காளிதாசனுடைய ரகுவம்சத்தில் ரகு தெற்கே வரும்போது, பாண்டியர்கள் தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்து முத்துக்களைத் தாங்கள் சேர்த்துவைத்த புகழைப் போலக் கொண்டுவந்து காலடியில் வைக்கிறார்கள். முத்தையும் புகழையும் சேர்த்துச் சொல்லும் அதே அணிதான் செப்பேட்டிலும். செப்பேட்டுப் புலவர் காளிதாசனைக் கரைத்துக் குடித்தவர் என்பதில் ஐயமில்லை. அப்படியானால் பாண்டியன் மலைக்கு ஓடியதும் காவிய மரபுதானா? பாண்டியன், முத்து, மலயம் என்று எழுதிப் பழகிய கை எழுதியதா?

எனக்கென்னவோ முத்து மரபாக இருக்கலாம், ஓட்டம் நிஜம் என்று படுகிறது. தோற்ற அரசன் போவதற்கு அந்த நாட்டில் வேறு இடம் இல்லை. கிழக்கே கடல், வடக்கே சோழன், சமவெளி முழுதும் குதிரை ஓடும். மேற்கே மட்டுந்தான் படை நுழைய முடியாத காடு. சோழனுடைய ஆட்சி மலையடிவாரம்வரை வந்து நின்றதற்கு அடையாளம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மன்னார்கோயிலில், இராசேந்திர சோழ விண்ணகரம் என்று அவன் பெயரால் விஷ்ணு கோயில் ஒன்று எழுந்தது. கட்டியவன் ஒரு சேர மன்னன். அதற்கு மேலே ஏறினால் காடுதான். வேந்தர் அணுக முடியாத மலை என்று முடமோசியார் பாடியது வெறும் புகழ்ச்சி அல்ல என்பது ஆயிரம் வருஷம் கழித்து ஒரு பாண்டியனுக்கு உபயோகப்பட்டது. வென்றவனுடைய பெயரை எங்கள் ஊர் வைத்துக்கொண்டது. தோற்றவனை மலை வைத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

தராசுக் கதைக்கு விஞ்ஞானத்திலும் ஒரு வேடிக்கையான துணைக்கதை உண்டு. 1802-இல் சென்னையில் தொடங்கிய நில அளவை, தென்கோடியிலிருந்து இமயத்தின் அடிவரை இந்தியாவை அளந்து முடித்தபோது, வடக்கே இரண்டு இடங்களுக்கு இடையில் கணக்கு ஐந்து விகலை உதைத்தது. இமயம் தன் பாரத்தால் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்பது காரணம். ஆனால் கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார் 1855-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார். இமயத்தின் பருமனுக்கு அது இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது. மலை கண்ணுக்குத் தெரிகிற அளவு கனக்கவில்லை! உயர்ந்த மலைக்குக் கீழே இலேசான பாறை வேர் போல ஆழ இறங்கியிருக்கிறது. தண்ணீரில் மரக்கட்டை மிதப்பது போல அது மிதந்து சமநிலை கொள்கிறது என்று ஏரி என்ற ஆங்கிலேய வானியலார் விளக்கம் சொன்னார். அதே 1855-இல் திருவனந்தபுரத்து வானிலைக்கூடத்தின் தலைவர் ஜான் ஆலன் புரௌன், 6,000 அடிக்கு மேற்பட்ட அகத்தியர் முடியிலேயே ஒரு கூடம் அமைத்துக் காந்தமானியையும் வெப்பமானியையும் வைத்தார். முன்னோர் அன்றே எல்லாம் கண்டுவிட்டார்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. இமயம் சாயாமல் நிற்பதற்கு அகத்தியர் தேவையில்லை என்பதுதான் ஏரியின் விளக்கத்துக்குப் பொருள். வயதைப் பார்த்தாலும், இமயம் எழும்பத் தொடங்கி ஐந்து கோடி வருஷம் ஆகிறது. நம் தென்மலைகளின் பாறை ஐம்பது கோடி வருஷத்துக்கும் முந்தியது.

அப்படியானால் தெற்குத் தட்டில் என்னதான் இருக்கிறது?

அதற்கு அந்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பொதிகைக்கு இரண்டு மழை. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குக் காற்று மலையாளப் பக்கத்தில் கொட்டி, முகட்டைத் தாண்டியும் சிந்துகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவம் நம் பக்கத்துச் சரிவில் நேரே விழுகிறது. இரண்டையும் சோலைக் காடுகள் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசிய விடுகின்றன. அதனால்தான் தாமிரபரணி வற்றாத ஆறு. அதனால்தான் எட்டு அணைக்கட்டுகளின் கீழ் காரும் பிசானமும் என்று இருபோகம் விளைந்தது. காட்டை எடுத்துவிட்டால் அதே மழை இரண்டு நாளில் ஓடிக் கடலில் சேர்ந்துவிடும்.

அந்தக் காடு தப்பிப் பிழைத்ததில் அகத்தியர் கதைக்குப் பங்கு உண்டு என்பதை, கோபம் தணிந்த இந்த வயதில் நான் ஒப்புக்கொள்கிறேன். முனிவர் இருக்கிற இடத்தில் கோடாரி எடுக்க மனிதன் கொஞ்சம் தயங்குவான். அந்தக் கூச்சம் எப்போதும் போதவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மலையில் தேயிலை ஏறியது. பாபநாசத்துக்கு மேலே அணை எழும்பி 1944-இல் மின்சாரம் வந்தது. பிறகு சட்டம் துணைக்கு வந்தது. களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆயின. அகத்தியமலை உயிர்க்கோளத்தை 2016-இல் யுனெஸ்கோ உலகப் பட்டியலில் சேர்த்தது. சட்டத்துக்கும் முனிவருக்கும் முன்னால் அங்கே இருந்தவர்கள் காணிக்காரர்கள். களைப்புத் தெரியாமல் மலையேற அவர்கள் மென்று வந்த காட்டுச் செடியின் காயை 1987-இல் விஞ்ஞானிகள் அவர்களிடமிருந்துதான் அறிந்தார்கள். அதிலிருந்து மருந்தும் செய்தார்கள். கேட்டவனுக்குக் கொடுப்பது என்ற ஆயின் பழக்கம் அந்த மலையில் அற்றுப் போய்விடவில்லை.

முடமோசியாருடைய பாட்டை இப்போது மறுபடி படிக்கிறபோது ஒன்று தெளிவாகிறது. தெற்குத் தட்டில் அவர் வைத்தது உயரத்தை அல்ல. இமயத்தோடு உயரத்தில் போட்டி போட்டால் பொதிகை தோற்றுப்போகும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வைத்தது கொடையை. அது இல்லாமற்போனால் உலகம் தலைகீழாகும் என்றார். ஆச்சியிடம் நான் கேட்ட கேள்விக்கு, அவள் பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தக் கால் ஊனமுற்ற புலவர் பதில் சொல்லிவிட்டார். ஒற்றை ஆள் எப்படி ஈடாக நிற்பான் என்றால், கொடுக்கிறவன் நிற்பான்.

எங்கள் ஊர்ச் சிற்றாறு கிழக்கே போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. குற்றாலத்துத் தண்ணீரும் பொதிகைத் தண்ணீரும் அங்கே ஒன்றாகின்றன. போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், சிற்றாற்றங்கரையில் நின்று மேற்கே பார்த்தேன். நீலக் கோடு அதே இடத்தில் இருந்தது, கூம்பும் இருந்தது. கரையில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "அண்ணாச்சி, அதுதானே பொதிகை?" என்று கேட்டேன்.

அவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அங்க மேகம் கட்டியிருக்கு. நாளைக்குத் தண்ணி கூட வரும்" என்றார்.